வடுகவழியும் ஜி.என்.டி. சாலையும்

சென்னையின் வடபுறத்தில் பேசின் பாலத்தைக் கடந்து, வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, மூலக்கடை, மாதவரம் என்று நீளும் சாலையை மக்கள் இன்றும் 'ஜி.என்.டி. ரோடு' என்றே அழைக்கின்றனர். 'கிராண்ட் நார்தர்ன் டிரங்க்' என்பது அம்மூன்றெழுத்தின் விரிவு. 'கிரேட் நார்தர்ன்' என்று எழுதுவோரும் உளர். தாம்பரம் வழியே தெற்கு நோக்கிச் செல்வது ஜி.எஸ்.டி. சாலை. பூவிருந்தவல்லி வழியே மேற்கு நோக்கிச் செல்வதற்கும் இதே போன்ற ஒரு பெயருண்டு. இம்மூன்று உடன்பிறப்புகளுள் தென்சாலையைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது, எழுதப்பட்டிருக்கிறது. வடசாலையைப் பற்றித் தமிழில் பேசுவோர் குறைவு. பேசினாலும் 'வெள்ளைக்காரன் போட்ட ரோடு' என்ற ஒரு வரியோடு அப்பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியை ஒப்புக்கொள்வதற்கு முன்னர், சாலையோரத்து ஊர்ப்பெயர்களைச் சற்றே நிதானமாகப் படித்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். மாதவரம் தாண்டினால் புழல், செங்குன்றம், பாடியநல்லூர், சோழவரம், காரனோடை, ஜனப்பன்சத்திரம், பஞ்செட்டி, தச்சூர், கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அதற்கப்பால் ஆந்திரத்துத் தடா. தமிழ்நாட்டுக்குள் இச்சாலையின் நீளம் ஏறத்தாழ 45 கி.மீ. மட்டுமே. கல்கத்தா வரை ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு பெருஞ்சாலையில் இஃது ஒரு சிறு துண்டு. ஆயினும் இச்சிறு துண்டிலுள்ள பெயர்கள், சாலையின் ஆங்கிலப் பெயர் சொல்லாத ஒரு கதையைச் சொல்லுகின்றன.

முதலில் மிகப் பழையதொரு சொல்லிலிருந்து தொடங்குவோம். பாணர் என்னும் குறுநில மரபினர் ஆண்ட நிலப்பகுதி, கல்வெட்டுகளில் 'வடுகவழி பன்னீராயிரம்' என்று குறிக்கப்படுகிறது. 'வடுகவழி மேற்கு' என்ற வழக்கும் உண்டு. வடுகர் என்றால் தெலுங்கு நாட்டார். வடுகவழி என்றால் வடுகரின் நாட்டுக்குச் செல்லும் வழி. ஒரு வழி எவ்வளவு நன்கறியப்பட்டதாக இருந்தால், அதற்கு மேற்கே கிடக்கும் நாட்டை அவ்வழியின் பெயராலேயே அடையாளம் சொல்லியிருப்பார்கள்! இன்றைய தேசிய நெடுஞ்சாலை எந்தப் புள்ளியில் அப்பழைய வழியின்மேல் அமர்ந்திருக்கிறது என்று கோடு கிழித்துக் காட்ட நாம் முயலவில்லை. பழைய வழிகள் ஒரே தடமாக இருந்ததில்லை. மழைக்காலத்துக்கு ஒரு தடமும் கோடைக்கு ஒரு தடமும், வண்டிக்கு ஒன்றும் காலாளுக்கு ஒன்றுமாக அவை பிரிந்தும் கூடியும் சென்றன. ஆனால் தொண்டை நாட்டிலிருந்து வடக்கே செல்லும் வழியொன்று கும்பினியாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பெயரும் புகழும் பெற்றிருந்தது என்பதில் ஐயமில்லை.

பெருவழிகளைப் பேணும் வழக்கமும் நமக்குப் புதியதன்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு அதியமான் பெருவழிக் கற்கள், இன்ன ஊருக்கு இத்தனை காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு, அதே எண்ணைச் சிறு பெரு குழிகளாகவும் செதுக்கிக் காட்டுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் விரலால் தடவித் தூரம் அறியலாம். (இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளை எழுதுவோர் ஒருமுறை அக்கற்களைப் பார்த்து வருதல் நலம்.)

வடக்கே செல்லும் வழிக்கு ஓர் இயற்கைத் தடை இருந்தது. பழவேற்காட்டு ஏரிதான் அது. கடலுக்கு இணையாகப் பல காத தூரம் நீண்டு கிடக்கும் அந்த உப்பங்கழி, வழியை இரண்டாகப் பிரித்தது. ஏரிக்கு மேற்கே உள்நிலமாகச் செல்லலாம்; அல்லது கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டு வழியே செல்லலாம். கிழக்கு ஓரத்தில் 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்குமான அவர்களுடைய ஆட்சி பழவேற்காட்டிலிருந்துதான் நடந்தது. அக்காலத்தில் மக்களும் சரக்கும் கடற்கரையை நோக்கி இழுக்கப்பட்டிருக்க வேண்டும். உள்நாட்டு வழி மீண்டும் மேலோங்கியது சென்னை வளர்ந்த பின்னர்தான்.

இவ்விரு வழிகளும் ஒருமுறை ஒரு போரின் போக்கையே தீர்மானித்தன. 1780இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் புகுந்து, கும்பினிப் படையைப் பொள்ளிலூரில் அழித்தார். சென்னைக்கு உதவியாக வங்காளத்திலிருந்து இரண்டு படைகள் வந்தன. ஒன்று ஐர் கூட் தலைமையில் கடல்வழியாக வந்தது. மற்றொன்று கர்னல் பியர்ஸ் தலைமையில், 1781 ஜனவரியில் மிதுனாப்பூரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டது. ஒடிசாக் கரையில் மராத்தியரின் நிலத்தைக் கடக்க நாகபுரி போன்ஸ்லேயுடன் உடன்பாடு காண வேண்டியிருந்தது. கஞ்சாமில் வாந்திபேதி படையை வாரிக் கொண்டு போயிற்று. இந்தியாவில் காலராவின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் அந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுவர். எஞ்சியோர் கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணை என ஆறுகளைக் கடந்து தெற்கே வந்தனர். அவர்களை இடைமறிக்கத் திப்புவை ஹைதர் அனுப்பியிருந்தார். பியர்ஸ் வழக்கமான உள்நாட்டு வழியைத் தவிர்த்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள குறுகிய திட்டு வழியாக வந்து தப்பினார். ஆகஸ்டுத் தொடக்கத்தில் பழவேற்காட்டில் கூட்டின் படையோடு அவர் சேர்ந்தார். அதே மாதத்தில் இணைந்த படை திருவள்ளூருக்கு அருகிலுள்ள திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தது. 27ஆம் நாள் மீண்டும் பொள்ளிலூர்ப் பக்கம் போர் நடந்தது.

இந்நிகழ்ச்சியில் நம் கவனத்துக்குரியது படைத்தலைவர்களின் வீரமன்று. ஏழு மாதங்கள் நடந்து வந்த ஒரு படைக்கு வழிகாட்டியவர் யார், திட்டில் நல்ல தண்ணீர் எங்கு ஊறும் என்று சொன்னவர் யார், கழிமுகத்தில் ஓடம் தந்தவர் யார் என்பதே நமக்கு எழும் கேள்வி. ஏழு மாதமும் ஆயிரம் மைலும் கடந்து ஒரு படை வந்து சேருகிறதென்றால், அவ்வழி ஏற்கெனவே நடைபழகிய வழியாக இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் போடப்பட்ட கப்பிக்கு முன்பே சாலை என்று ஒன்று இருந்தது. அது மனிதர்களின் நினைவில் இருந்தது.

அந்த நினைவை எழுத்தில் வைத்துப் போனவர் ஒருவர் உண்டு. ஏனுகுல வீராசுவாமி என்பவர் சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவர். 1830 மே 18 அன்று பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, கடப்பை, ஐதராபாத், நாகபுரி எனச் சென்று, காசியும் கயையும் கண்டு, கல்கத்தா வழியாகக் கிழக்குக் கரையோடு இறங்கி, நெல்லூரைக் கடந்து 1831 செப்டம்பர் 3இல் சென்னைக்குத் திரும்பினார். வழிநெடுக நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்கு அவர் தெலுங்கில் எழுதி அனுப்பிய குறிப்புகள், அவர் மறைந்த பின் 1838இல் 'காசியாத்திரை சரித்திரம்' என்ற பெயரில் நூலாயின. தெலுங்கு உரைநடையின் தொடக்ககால நூல்களுள் ஒன்று என அதனைத் தெலுங்கர் போற்றுவர். ஆனால் அந்நூல் நமக்கும் உரியது. எழுதியவர் சென்னைக்காரர், பெற்றுப் பதிப்பித்தவர் தமிழ்ப் பெயருடைய சென்னைக்காரர், புறப்பட்டதும் வந்து சேர்ந்ததும் நம் ஊர் வழியே.

வீராசுவாமியின் குறிப்பில் சாலையின் அழகைப் பற்றிய வருணனையைத் தேடுபவர் ஏமாறுவர். அன்றாடம் எங்கே இறங்கினோம், தண்ணீர் எப்படி, அரிசி கிடைக்குமா, கடை உண்டா, சத்திரம் உண்டா, ஆறு கடக்க ஓடமா நடையா என்பவையே அவருடைய கவலைகள். காசிக்குப் போக விரும்பும் அடுத்தவருக்குப் பயன்படட்டும் என்பதே அவர் எண்ணம். பல்லக்குக்குள் இருந்தவருக்கே இத்தனை கவலை என்றால், பல்லக்கைச் சுமந்தவர்களின் கவலையை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ரயில் இல்லாத அந்நாளில் ஒரு சாலையின் தரம், அதன் மேற்பரப்பைக் காட்டிலும் அதன் ஓரத்தில் கிடைத்த சோற்றையும் நிழலையும் நீரையும் வைத்தே அளக்கப்பட்டது. ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் வேண்டும். அத்தங்குமிடங்கள் தாம் சத்திரங்கள்.

இப்போது ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். காரனோடைப் பாலத்துக்கு வடக்கே ஜனப்பன்சத்திரம் இருக்கிறது. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கமிருந்து வரும் சாலை பெருஞ்சாலையில் கூடுமிடம் அது. 'ஜனப்பன்' என்றால் யார்? எட்கர் தர்ஸ்டன் தம் சாதிகள் பற்றிய தொகுதியில், சணல் நாரைக் கொண்டு கோணிப்பை முடைந்தவர்களாகிய தெலுங்கு மொழியினரை 'ஜனப்பன்' என்று பதிவு செய்கிறார். தெலுங்கில் 'ஜனப' என்றால் சணல். கோணியின்றிப் பாரவண்டி இல்லை. பாரவண்டியின்றி இச்சாலை இல்லை. அம்மக்களுள் ஒருவரோ ஒரு குழுவினரோ எழுப்பிய சத்திரத்தால் ஊர் பெயர் பெற்றது என்று கொள்ள இடமுண்டு.

அடுத்துக் கவரப்பேட்டை. இது 'கவரைப்பேட்டை' என்பதன் திரிபு. கவரை என்பது, வணிகத்தில் ஈடுபட்ட பலிஜர் என்னும் தெலுங்கரைத் தமிழ்நாட்டார் அழைத்த பெயர். அதற்கும் முன்னே, இடைக்கால ஐந்நூற்றுவர் வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளிலேயே கவறை என்ற பெயர் காணப்படுகிறது. பேட்டை என்றால் சந்தை கூடும் இடம். பொதிமாடு இறக்கி இளைப்பாறும் இடம். ஆக, ஒரே சாலையில் சில கல் தூர இடைவெளியில், கோணி முடைந்தவர் பெயரால் ஒரு சத்திரமும், வணிகர் பெயரால் ஒரு பேட்டையும். இரு பெயர்களும் தெலுங்கு வணிகத்தைச் சுட்டுகின்றன. இரண்டுமே தமிழ்ச்சொல்லில் முடிகின்றன. கல்வெட்டு 'வடுகவழி' என்று எதைச் சொல்லிற்றோ, அதையே இவ்வூர்களும் தம் பெயரால் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆங்கிலேயர் இச்சாலைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நம் கருத்தன்று. 1845இல் சென்னை மாகாணத்தின் டிரங்க் சாலைகளுக்கென்று தனிக் கண்காணிப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மண்ணை மேடாக்கி, இருபுறமும் வடிகால் எடுத்து, உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கும் மெக்கடம் முறை அதன் பின்னரே பரவியது. நம் ஊரில் அதற்குக் 'கப்பிச் சாலை' என்று பெயராயிற்று. அதனினும் பெரிய பணி பாலங்கள். வடசாலைக்குக் குறுக்கே கொசத்தலையாறும் ஆரணியாறும் ஓடுகின்றன. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஆறு என்று நினைவூட்டும் ஆறுகள் இவை. வெள்ளம் வந்தால் அக்கரையில் நாள்கணக்கில் வண்டிகள் நிற்கும். பாலம் வந்த பின்னர்தான் 'எந்தக் காலத்திலும் செல்லத்தக்க சாலை' என்ற தகுதி இதற்குக் கிட்டியது. அத்தகுதி இன்றும் முழுமையானதன்று. 2021 நவம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் நெல்லூர் அருகே இதே சாலையை அறுத்தபோது, அகலமான நெடுஞ்சாலையும் பழைய வண்டிப்பாதையைப் போலவே வெள்ளம் வடியக் காத்து நின்றது.

'கிரேட் நார்தர்ன்' என்ற பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணுவோர்க்கு ஒரு குறிப்பு. இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் செல்லும் பழைய அஞ்சல் சாலையின் பெயர் 'கிரேட் நார்த் ரோடு'. இருபதாம் நூற்றாண்டில் அதற்கு 'ஏ 1' என்று எண் கொடுத்தார்கள். தலைநகரிலிருந்து வடக்கே செல்லும் நீண்ட சாலைக்கு அத்தகைய பெயரிடுவது அவர்களுக்குப் பழக்கமான வழக்கம். அச்சாலையில்தான் 1663இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி இங்கிலாந்தின் முதல் சுங்கத்தடை வைக்கப்பட்டது. வண்டிக்கு இவ்வளவு, ஆட்டுமந்தைக்கு இவ்வளவு என்று வாங்கி, அப்பணத்தில் சாலையைப் பழுது பார்த்தனர். அவ்வழக்கமும் நம் நாட்டுக்கு வந்தது. மாகாணத்து உள்ளூர் மன்றங்கள் சாலைகளில் சுங்கம் தண்டின. தண்டையார்ப்பேட்டை அருகே பேருந்து நிறுத்தமாக நிலைத்துவிட்ட 'டோல்கேட்' என்ற பெயர் அதன் எச்சம். 1931இல் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது, வண்டிக்கு ஆண்டு வரி கட்டினால் போதும் என்று அச்சுங்கங்கள் எடுக்கப்பட்டன. வாகன வரி இன்றும் இருக்கிறது. செங்குன்றத்துக்கு அப்பால் நல்லூரில் சுங்கச்சாவடியும் இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வந்த வரலாற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

சாலை எப்போதும் தனியரசு செலுத்தவில்லை. 1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய், பின்னர் பழவேற்காடு வரை நீண்டு, 1877-78 பஞ்சகாலப் பணிகளுக்குப் பின் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. உப்பும் விறகும் கிளிஞ்சலும் அதில் படகேறி வந்தன. கனத்த சரக்குக்கு நீர்வழியே மலிவு. 1899இல் கூடூர் வழியாக விசயவாடைக்கு அகலப்பாதை ரயில் வந்தது. கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நிலையங்கள் கிடைத்தன. நெடுந்தூர வழிப்போக்கன் சாலையை விட்டு ரயிலேறினான். சத்திரங்கள் வெறிச்சோடத் தொடங்கிய காலம் அதுவே எனலாம். பிறகு லாரி வந்தது, சாலை தன் இடத்தை மீட்டுக்கொண்டது, கால்வாய் தூர்ந்தது.

இடையில் சோழவரத்தில் நடந்த வேடிக்கையை விட்டுவிடலாகாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சாலையோரம் அங்கே ஒரு விமானத்தளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, ஓடுதளம் எஞ்சியது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அதில் கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடத்தினர். பல்லாண்டுகள் நாடெங்கிலுமிருந்து பந்தய வீரர்கள் சோழவரத்துக்கு வந்தனர். திருப்பெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்த பின்னரே அந்த ஆரவாரம் அடங்கியது. மாட்டுவண்டிகள் கரும்பும் நெல்லும் சுமந்து ஊர்ந்த சாலையின் ஓரத்திலேயே, வேகத்தைக் காணச் சீட்டு வாங்கி நின்ற கூட்டம்!

சாலையின் வாழ்வில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மொழிவழி மாநிலப் பிரிவினை. 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி சிறீராமுலு மயிலாப்பூரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. அதுவரை ஒரே மாகாணத்தின் இரு மாவட்டங்களை இணைத்த சாலை, அன்று முதல் இரு மாநிலங்களுக்கு இடைப்பட்ட சாலையாயிற்று. எல்லைப் பூசலைத் தீர்க்கப் படாஸ்கர் பரிந்துரைத்ததன்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி நமக்கு வந்தது, ம.பொ.சி.யின் போராட்டத்தை நினைவுகூர்வோர் அதனைப் பெருமையோடு சொல்வர். அதே சட்டத்தால் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து சத்தியவேடு சார்ந்த ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பெற்றதைப் பாடுவதும் கொடுத்ததை மறப்பதும் எல்லா எல்லைகளுக்கும் பொதுவான வழக்கம் போலும்.

எல்லை ஊர்களின் பேச்சு சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆரம்பாக்கத்தில் தெலுங்கும் சூலூர்பேட்டையில் தமிழும் இன்றும் கடைத்தெருவில் கேட்கின்றன. ஆனால் வண்டிகள் கட்டுப்பட வேண்டியிருந்தது. எளாவூர்ச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தை ஓட்டுநர்கள் அறிவர். 2017இல் சரக்கு-சேவை வரி வந்து வணிகவரிச் சாவடியைத் தேவையற்றதாக்கியது. மற்றத் துறைகளின் சோதனை தொடர்ந்தது. தடாவும் சூலூர்பேட்டையும் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன. இப்பக்கத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. மாவட்டங்கள் மாறிக்கொண்டே இருக்க, சாலை அதே இடத்தில் கிடக்கிறது.

எல்லைக்கு அருகில் இருப்பதே கும்மிடிப்பூண்டியின் விதியை நிர்ணயித்தது என்று நாம் கருதுகிறோம். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் இங்கே தொழில் வளாகத்தை அமைத்தது. ரயிலும் சாலையும் பக்கத்தில். துறைமுகம் எட்டும் தூரத்தில். விலை குறைந்த மானாவாரி நிலம். இரும்புருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் வந்தன. அப்பால் தேர்வாய்கண்டிகையில் மற்றொரு வளாகம் வந்தபோது, மேய்ச்சல் நிலமும் காட்டுப்புறமும் பறிபோவதாக ஊர்மக்கள் நெடுநாள் எதிர்த்து நின்றனர். அங்கு இன்று லாரிகளுக்கான டயர் செய்யும் மிஷெலின் ஆலை இயங்குகிறது. எல்லைக்கு அப்பால், ஒரு காலத்தில் நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சத்தியவேட்டுப் பக்கத்தில் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி வளர்ந்து நிற்கிறது. காலையில் ஆலைப் பேருந்துகள் எல்லையை இரு திசையிலும் கடக்கின்றன.

இச்சாலையோரம் ஈழத்தமிழர் வாழும் முகாம்கள் இரண்டு உள்ளன என்பதையும் குறிக்க வேண்டும்: ஒன்று புழல் காவாங்கரையில், மற்றொன்று கும்மிடிப்பூண்டியில். 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அங்குப் பிறந்து வளர்ந்து பெற்றோரானவர்களுக்கு இந்தச் சாலைதான் சொந்த ஊரின் சாலை. குடியுரிமைத் தாள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஆலைகளில் இன்று வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் ஒடிசா, பீகார், வங்காளம், ஜார்கண்டைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இங்கு வருவது ரயிலில். ஆனால் 2020 மே மாதத்தில், ஊரடங்கால் ரயிலும் பேருந்தும் நின்றிருந்தபோது, சென்னையிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் அவர்கள் இச்சாலையில் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினர். தலையில் மூட்டை, கையில் தண்ணீர்ப் புட்டி, தோளில் குழந்தை. செங்குன்றம், காரனோடை, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. எளாவூரில் எல்லை மூடப்பட்டிருந்தது. பலர் அங்கேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். பலர் பிறகு தனி ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். 1781இல் பியர்ஸின் சிப்பாய்கள் எந்தத் திசையிலிருந்து நடந்து வந்தார்களோ, வீராசுவாமி எந்தத் திசையிலிருந்து திரும்பி வந்தாரோ, அந்தத் திசையை நோக்கி மக்கள் மீண்டும் கால்நடையாகப் போனார்கள். அவர்கள் கடந்து சென்ற ஊர்களுள் ஒன்றின் பெயர் ஜனப்பன்சத்திரம். சோறும் திண்ணையும் தேடினால் கிடைக்கும் என்று வழிப்போக்கனுக்கு அறிவிக்க வைத்த பெயர் அது. அந்நாள்களில் சோறு போட்டவர்கள் சாலையோரத்து ஊரார் சிலரும் தொண்டர் குழுக்களும்தான். சாலைக்கு அதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. ஆறு தடங்களும் நடுத்தடுப்பும் சுங்கச்சாவடியும் கொண்ட ஒரு சாலை, நடந்து வருபவனை எதிர்பார்ப்பதேயில்லை.

அகலமாக்கும் பணியே அப்படித்தான் நடந்தது. தேசிய நெடுஞ்சாலை 5 என்று எண்ணிட்டிருந்த இச்சாலை, தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கும் கரையாயிற்று. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபோது 16 ஆயிற்று. நான்கு வழி ஆறு வழியாகும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. புளியமரங்கள் வீழ்ந்தன. ஊரின் நடுவே சென்ற சாலை ஊரைப் பிளக்கும் சாலையாயிற்று. பள்ளிக்கூடம் ஒருபுறமும் குடியிருப்பு மறுபுறமும் இருந்தால் மேம்பாலம் வரும்வரை குழந்தைகள் தடுப்பேறிக் குதிக்க வேண்டியதாயிற்று. விபத்துக்குப் பின் மறியல், மறியலுக்குப் பின் வாக்குறுதி என்ற வரிசை இச்சாலையோர ஊர்களுக்குப் பழகிப்போனது.

'கூட்டுச்சாலை' என்றொரு சொல் இவ்வட்டாரத்துக்கே உரிய அழகுடையது. இரு சாலைகள் கூடுமிடத்துக்கு ஊர்ப்பெயரோடு அதனைச் சேர்த்துச் சொல்வர்: ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலை, தச்சூர் கூட்டுச்சாலை. தேநீர்க்கடை, பழுதுநீக்கும் பட்டறை, பூக்கடை, பேருந்துக்குக் காத்திருப்போர் என்று சத்திரமும் பேட்டையும் ஆற்றிய பணியில் ஒரு பகுதியை ஓசையின்றி ஏற்றுக்கொண்டவை இந்தக் கூட்டுச்சாலைகளே.

இப்போது அங்கும் அளவுகள் மாறுகின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குச் செல்லும் வெளிவட்டச்சாலை வடசாலையைக் குறுக்கே கடக்கிறது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் நோக்கி அமையும் எல்லைச்சாலை தச்சூர் வழியே போகிறது. சித்தூரிலிருந்து வரும் ஆறுவழிச் சாலையும் தச்சூரில்தான் வந்து முடிகிறது. அதற்காக ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் முப்போகம் விளையும் நிலங்களை அளந்தபோது, உழவர்கள் வயலில் இறங்கி நின்று எதிர்த்தனர். அச்சாலை ஊர்களினூடே செல்வதன்று. அவற்றை விலக்கிக்கொண்டு, வயல்களின் மேலே மேடெழுப்பிச் செல்வது. அதில் பேட்டையும் சத்திரமும் இருக்கப்போவதில்லை. தச்சூரில் பெருஞ்சாலையைத் தொடும் இடத்தை மட்டும், பழக்கம் விடாதவர்கள் கூட்டுச்சாலை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.